எட்டு டிகிரி கடல்

வங்காள விரிகுடாவின் வெப்பநிலை எட்டு டிகிரி. அதுவும் மே மாதத்தில். இதை நான் சொல்லவில்லை, தண்டையார்பேட்டையில் ஒரு பதிவேடு சொல்கிறது. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பழைய குடோன் ஒன்றின் மாடியில் அலுவலகம். பார்வை நேரம் செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து மூன்றரை வரை. செவ்வாய்க்கிழமைகளில் தலைவர் வருவதில்லை.

வடகரைக் கடல் நீச்சல் மற்றும் டிரையத்லான் கழகம் என்பது அந்த அலுவலகத்தின் பெயர். டிரையத்லான் என்றால் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற போட்டி. சைக்கிளிலும் ஓட்டத்திலும் கழகம் தலையிடுவதில்லை. அவற்றில் தலையிட வேறு கழகங்கள் இருக்கின்றன. கடல் நீச்சல் மட்டும் இவர்கள் பொறுப்பு. கடல் செய்த பாவம் அது.

திருவொற்றியூர் குப்பத்துப் பவானிக்கு இந்தக் கழகத்திடமிருந்து ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அவளுக்கு வயது இருபத்தொன்பது. ஆறு வருஷமாக ஒரு ஷெட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். காலை முதல் மாலை வரை ஐஸ் தண்ணீரில் கை கிடந்து, விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்து, ராத்திரி சோற்றைப் பிசைந்தால் எரியும். இந்த நிலையில் கடற்கரை உயிர்காப்பாளர் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று, கழகம் நடத்துகிற ஆயிரத்தைந்நூறு மீட்டர் கடல் நீச்சலை முடித்ததற்கான சான்றிதழ். ஜூன் கடைசியில் அவளுக்கு முப்பது முடிகிறது. அதற்குப் பிறகு சான்றிதழ் கிடைத்தால் கண்ணாடி போட்டு மாட்டி வைத்துக்கொள்ளலாம், வேலை கிடைக்காது. இந்த வருஷம் தவறினால் ஆயுசுக்கும் இறால்தான்.

ஆயிரத்தைந்நூறு மீட்டர் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்போதுதான் அறிவிப்பு வந்தது.

"கடல் நீரின் வெப்பநிலை பதினொரு டிகிரி என முறைப்படி அளவிடப்பட்டுள்ளதால், போட்டியாளர்கள் அனைவரும் வெட்சூட் அணிந்தே கடலில் இறங்க வேண்டும். வெட்சூட்டைத் தாமாகத் தேர்ந்தெடுத்தல் கூடாது. கழகத்தின் வெட்சூட் தேர்வுக் குழு முன் ஆஜராகித் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும்."

வெட்சூட் என்பது ஸ்பாஞ்சு மாதிரியான ரப்பரில் தைத்த உடுப்பு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். பனி விழுகிற நாடுகளில் ஏரியில் இறங்குகிறவர்கள் விறைத்துப் போகாமலிருக்க அதைப் போட்டுக்கொள்கிறார்கள். உடம்புச் சூட்டை வெளியே விடாது. அதுதான் அதன் வேலை, அந்த வேலையை அது எந்த ஊரிலும் ஒழுங்காகச் செய்யும்.

பவானி அறிவிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனாள். பொன்னுரங்கம் நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர்.

"நைனா, காலைல தண்ணி எப்டி கீது?"

"வெதுவெதுன்னு கீது. ஏன்?"

"பதினோரு டிகிரின்னு போட்டுகீறாங்கோ. ஐஸ் தண்ணி கணக்கா."

பொன்னுரங்கம் வலையைக் கீழே வைத்தார். முகத்தில் பெருமை. "அத்த அளந்ததே நம்ப தண்ணிதாம்மா. அந்தத் தலைவரு என்னாண்டதான் சொன்னாரு. அரை மைல் உள்ளாற போயி பத்து லிட்டர் கேன்ல மொண்டாரச் சொன்னாரு. தண்ணி ஃப்ரெஷ்ஷா கீணும், கெட்டுப்போச்சுன்னா அளக்க முடியாதுன்னாரு."

"அதுக்கு நீ இன்னா பண்ணே?"

"இன்னா பண்ணுவாங்கோ? ஐஸ் பொட்டில வச்சு, மேல ரெண்டு கூடை ஐஸைக் கொட்டி, சாக்கு போத்தி எத்துக்கினு போனேன். ஒரு சொட்டு கெடல."

கடலிலிருந்து எது வந்தாலும் கையோடு ஐஸில் போடுகிற மனுஷர் அவர். வஞ்சிரமானாலும் ஐஸ், வவ்வாலானாலும் ஐஸ். கடலிலிருந்து கடலையே எடுத்துவரச் சொன்னபோது மட்டும் வேறு மாதிரி செய்ய அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? அவர் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கேனைத் திறந்தபோது உள்ளே கை விட்டுப் பார்க்காதவர்கள்தான் படித்தவர்கள்.

பவானி தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பாம்மா?" என்றார் பொன்னுரங்கம்.

"இல்ல நைனா. நீ ஒயுங்காத்தான் செஞ்சிகீறே."

தேர்வுக் குழு கூடிய நாளன்று பெஞ்சில் தீனாவும் உட்கார்ந்திருந்தான். தீனா வியாசர்பாடிப் பையன், இருபத்திரண்டு வயது, பகலில் கூரியர் குடோனில் லோடு ஏற்றுகிறான், விடியலில் ஓடுகிறான். கடலில் நீந்த இரண்டு மாதமாகப் பவானியிடம்தான் கற்றுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதே வேலைமேல் கண். ஆனால் அவனுக்கு இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

"போன்ல பாத்துகினே வந்தேன்க்கா," என்றான். "சூட்டு எடுக்கறதுல விசயம் கீதாம். தோள்பட்டையாண்ட மெல்லிசா கீணுமாம், அப்பதான் கை வீச வருமாம். நெஞ்சாண்ட தடிமனா கீணுமாம், மெதக்க. கழுத்துல அறுக்கக் கூடாதாம். தண்ணி சூடாகீற ஊர்ல போடவே கூடாதாம்."

"கடேசில சொன்னியே, அத்த உள்ளாற போயி சொல்லு."

உள்ளே ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் தலைவர் பரசுராமன், கழுத்தில் மஃப்ளரோடு. ஓய்வு பெற்ற அதிகாரி. பக்கத்தில் தொழில்நுட்ப அலுவலர் வல்லரசு. இவர் மாமனாரின் கடையில் ஏழு வருஷம் மழைக்கோட்டு விற்றவர், ஆகவே தண்ணீரும் துணியும் சம்பந்தப்பட்ட எதிலும் கழகத்தில் இவர் சொல்தான் முடிவு. மூலையில் கிளார்க் ஜானட், ஒரு தட்டச்சுப் பொறி அளவுக்கு முத்திரைகளை முன்னால் அடுக்கிக்கொண்டு.

வல்லரசு படிவத்தை எடுத்தார். மொத்தம் பதினாறு கேள்விகள்.

"கடலைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"காலைல சார். வூட்டாண்டயே கீது."

"ஆதாரம்?"

பவானி ரேஷன் கார்டை நீட்டினாள். முகவரியில் குப்பம் என்று இருந்ததால், பக்கத்தில் கடல் இருப்பதாகக் குழு ஏற்றுக்கொண்டது. நீங்கள் மூழ்க விரும்புகிறீர்களா, மிதக்க விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு மிதக்க என்றாள். மூழ்க விரும்புகிறவர்களுக்கு வேறு படிவம் இருப்பதாகச் சொன்னார்கள்.

அடுத்தது அளவு. உயரத்தையும் எடையையும் ஓர் அட்டவணையில் வைத்துப் பார்த்து, பவானிக்குச் சின்ன சைஸ் என்று வல்லரசு அறிவித்தார். சின்ன சைஸ் அவள் தோளுக்கு மேல் ஏறவில்லை. சின்ன வயதிலிருந்து படகு தள்ளி, வலை இழுத்த தோள் அது. வல்லரசு அட்டவணையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், மறுபடி அட்டவணையைப் பார்த்தார்.

"உங்க தோள் தப்பா இருக்கு."

"மாத்திக்கினு வரட்டா சார்?"

"தேவையில்ல. தோள்பட்டை விலக்கு மனுன்னு ஒண்ணு இருக்கு. எழுதிக் குடுத்தா மீடியம் பரிசீலிப்போம்."

தீனா கையை உயர்த்தி, கையில்லாத மெல்லிய சூட்டு ஒன்று அலமாரியில் தெரிகிறதே, கை வீச அது வசதியாக இருக்குமே என்று கேட்டான். வல்லரசு அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, அதெல்லாம் நீந்தறவங்களுக்கு. நாம இங்க பார்க்கறது பாதுகாப்பு."

ஐந்து மில்லிமீட்டர் தடிமன் சூட்டு ஒதுக்கப்பட்டது. அதைப் போட நாற்பது நிமிஷம் ஆனது. காலில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, அரை டப்பா பவுடரைக் கொட்டி, இரண்டு ஆயாக்கள் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். அதன் பிறகு நாற்காலித் தேர்வு. சூட்டோடு ஏ.சி. அறையில் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். நடுக்கம் வராவிட்டால் சூட்டு பொருந்தியதாக அர்த்தம். தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டாமா என்று பவானி கேட்டாள். சூட்டு நனைந்துவிடும் என்றார்கள்.

பவானி நடுங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஐஸ் விஷயத்தைச் சொன்னாள். பத்து லிட்டர் கேன், இரண்டு கூடை ஐஸ், சாக்கு, எல்லாவற்றையும் சொன்னாள்.

பரசுராமன் மஃப்ளரைச் சரி செய்துகொண்டார்.

"இங்க பாரும்மா. நான் முப்பத்தொரு வருஷம் கடல் சம்பந்தப்பட்ட துறையில இருந்தவன். அந்த முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட கடல்ல கால் வச்சதில்ல. ஏன்? கால் வச்சா சூடா இருக்கு, குளிரா இருக்குன்னு நமக்கே ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்துட்டா நடுநிலை போயிடும். இப்ப நீ ஐஸ் போட்டதால குளிர்ந்துச்சுங்கற. சரி, ஒத்துக்கறேன். ஆனா ஐஸ் போடாம அளந்தா அது வேற முறை. வேற முறையில வர்ற அளவை இந்த அளவோட ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாததை வச்சு ஒரு பதிவைத் திருத்த முடியுமா?"

"சார், கடல்ல கைய வுட்டுப் பாத்தாலே…"

"கை ஒரு கருவி இல்லம்மா. இருந்தாலும் கழகம் நியாயமா நடந்துக்கும். மறு மாதிரி எடுப்போம். அதே கேன், அதே ஆள், அதே ஐஸ். இந்தத் தடவை வல்லரசு மேற்பார்வை பார்ப்பார். ஏன், இந்த ரூமுலயே இவ்வளவு குளிருதே. கடல் எவ்வளவு பெருசு, அங்க எவ்வளவு குளிரும்னு யோசிச்சுப் பாரு."

மறு மாதிரி மூன்றாம் நாள் எடுக்கப்பட்டது. பொன்னுரங்கம் விஷயம் தெரிந்து, ஐஸ் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார். வல்லரசு விடவில்லை. இரண்டு கூடை ஐஸைத் தானே எண்ணிப் போடச் செய்து, சாக்கு போர்த்தியதற்குப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார். பதினொரு மணிக்கு அளக்க வேண்டும். தலைவர் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்தார். இடையில் ஐஸ் உருகியதால், அளவு மாறக்கூடாது என்று வல்லரசு இன்னும் இரண்டு கூடை வாங்கிவரச் சொல்லிப் போட வைத்தார். எட்டு டிகிரி.

ஒரே வாரத்தில் கடல் மூன்று டிகிரி குளிர்ந்துவிட்டது குறித்துக் குழு கவலை தெரிவித்தது. எட்டு டிகிரிக்கு எட்டு மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்றது விதி. அப்படி ஒரு சூட்டு கழகத்தில் இல்லை. வல்லரசு ஐந்து நிமிஷம் யோசித்தார். ஐந்தும் மூன்றும் எட்டு என்று கண்டுபிடித்தார்.

ஆக, போட்டியன்று காலை திருவொற்றியூர் கடற்கரையில் எட்டுப் பேர், சூட்டுக்கு மேல் சூட்டு போட்டுக்கொண்டு, வரிசையாக மணலில் நின்றார்கள். ஆறு மணிக்கு ஆரம்பம் என்று போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் ஒன்பது மணிக்கு வந்தார். பந்தலில் மின்விசிறி வைத்திருந்தார்கள். பந்தல் விருந்தினர்களுக்கு.

குப்பமே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மீன்கூடையோடு நின்ற முத்தம்மா, பவானியைச் சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாடி இது, லாரி டயரு கணக்கா கீற?"

"அரசாங்க வேலைக்குதான்க்கா."

"இத்தப் போட்டுகினா வேல குடுப்பாங்களா?"

"இத்தப் போட்டுகினு பொயச்சா குடுப்பாங்க."

பரசுராமன் மைக்கைப் பிடித்தார். "இந்தக் கடுங்குளிரைப் பொருட்படுத்தாமல் இங்கே திரண்டிருக்கும் பெருமக்களே" என்று ஆரம்பித்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைத்துத் துடைத்து அரை மணி நேரம் பேசினார். கடைசியில் கைக்குட்டையைப் பிழிந்துவிட்டு வல்லரசுவின் கைக்குட்டையை வாங்கிக்கொண்டார். அவர் பேசி முடிப்பதற்குள் வரிசையில் ஆறு பேர் மணலில் சாய்ந்துவிட்டார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் போட்டார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேராக, குளிருக்கு அஞ்சிப் பின்வாங்கியவர்கள் என்று எழுதப்பட்டது.

விசில் ஊதியபோது மிச்சமிருந்தது பவானியும் தீனாவும்.

"தீனா, வேணாம்டா. உனுக்கு அடுத்த வருசம் கீது."

"இல்லக்கா. உன்கூடவே வரேன்."

தண்ணீர் பொன்னுரங்கம் சொன்னதுபோல வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கரைக்கு இணையாக மிதவைகள் போட்டிருந்தார்கள். முதல் ஐந்நூறு மீட்டர் பவானி சமாளித்துவிட்டாள். சூட்டு அவளை மூழ்க விடாமல் மேலேயே வைத்திருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையை ஒவ்வொரு தடவை வீசும்போதும் இரண்டு ரப்பரும் சேர்ந்து தோளைப் பின்னுக்கு இழுத்தன. கழுத்தை ரப்பர் அறுத்து, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. உள்ளே வேர்வை ஊற்றி, வெளியே போக வழியில்லாமல், உடம்போடு கொதித்தது. ஆயிரம் மீட்டரில் அவளுக்குக் கண் இருட்டியது. இறால் ஷெட்டை நினைத்துக்கொண்டு நீந்தினாள். அந்த நாற்றமும் அந்தக் குளிர்ந்த தொட்டியும் நினைவுக்கு வந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தொட்டியில் கை வைக்க ஆசையாக இருந்தது.

ஆயிரத்து இருநூறாவது மீட்டர் மிதவையில் திரும்பிப் பார்த்தாள். தீனா நீந்தவில்லை. முகம் அப்போதுதான் தண்ணீருக்குள் கவிழ்ந்தது. சூட்டு அவனைப் பத்திரமாக மிதக்க வைத்திருந்தது.

திரும்பிப் போய் அவனைப் புரட்டினாள். மூச்சு இருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. தாடைக்குக் கீழே கை கொடுத்துப் பிடித்துக்கொண்டு, மிச்ச முந்நூறு மீட்டரையும் மல்லாந்து நீந்தினாள். கரையில் யாரோ கைதட்டினார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டி மணலில் அவனை இழுத்துப் போட்டபோது, அவளுக்கே நிற்க முடியவில்லை.

வல்லரசுவின் முதலுதவிக் குழு ஓடிவந்தது. இவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். கையில் கம்பளிகள், வெந்நீர்ப் பைகள், ஃபிளாஸ்க்கில் சூடான டீ. கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிர் தாக்கியவரைக் கம்பளியால் சுற்றவும் என்ற வரிப்படி, சூட்டுக்கு மேல் சூட்டு போட்டிருந்த தீனாவின் மேல் ஒரு கம்பளியைச் சுற்றினார்கள். அதன் மேல் இன்னொன்று.

பவானி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல் போலக் காய்ந்தது. "சார், கொதிக்குது சார். ஜுரமானி வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார்கள். நூற்றைந்து.

வல்லரசு ஜுரமானியை உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தண்ணி எட்டு டிகிரி. அதுல இருந்து வந்தவருக்கு நூத்தஞ்சு இருக்க முடியாது. ஜுரமானி கெட்டுப்போச்சு. வெந்நீர்ப் பையைக் கால்ல வைங்க."

பவானிக்கு அதுவரை பயம்தான் இருந்தது. இப்போது கோபம் வந்தது, இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று தெரியாத கோபம். கம்பளிகளைப் பிடுங்கி எறிந்தாள். தடுக்க வந்த வல்லரசுவை, விலக்கு மனு போட வைத்த அதே தோளால் ஒரு தள்ளு தள்ளினாள். அவர் வெந்நீர்ப் பையோடு மணலில் உட்கார்ந்தார்.

"நைனா, கத்தி."

பொன்னுரங்கம் அன்றைய மாதிரிக்காக ஐஸ் பெட்டியோடு அங்கேயே நின்றிருந்தார். வலை அறுக்கிற கத்தியால் தீனாவின் மேல் சூட்டையும் கீழ் சூட்டையும் நீளவாக்கில் கிழித்தார். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸை அள்ளி வைத்தார்கள். முத்தம்மா கூடையிலிருந்த ஐஸையும் கொட்டினாள், நாலு சங்கரா மீனும் சேர்ந்து விழுந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது தீனா கண்ணைத் திறந்து, "மீன் நாறுதுக்கா" என்றான். பவானி அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

வெப்பத்தால் வந்த மயக்கம், இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

நான்காம் நாள் கழகத்திலிருந்து பவானிக்கு அழைப்பு வந்தது. சூட்டைக் கிழித்ததற்கும் அலுவலரைத் தள்ளியதற்கும் தண்டனை என்று நினைத்துக்கொண்டு போனாள். மேஜைமேல் அவள் பெயர் எழுதிய சான்றிதழ் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. பரசுராமன் அவளை உட்காரச் சொன்னார்.

"நீ முடிச்சுட்ட. அதுல சந்தேகமே இல்ல. ஒருத்தராவது முடிச்சாதான் கழகத்தோட அங்கீகாரம் புதுப்பிப்பாங்க. இந்த வருஷம் அந்த ஒருத்தர் நீதான். எங்களுக்கு உன்னால பெருமை. சின்ன ஒரு வேலை பாக்கி. அந்தப் பையன் விஷயமா மேலேயிருந்து விளக்கம் கேட்டிருக்காங்க. நீ ஒரு சாட்சி அறிக்கை எழுதிக் குடுத்துடு. போட்டியாளர் தீனா குளிர் தாங்கும் உடல்தகுதி இல்லாதவர், அதை மறைத்துக் கலந்துகொண்டார், அப்படின்னு."

"அப்டி எழுதுனா அவனுக்கு இன்னா ஆவும் சார்?"

"ஆயுள்காலத் தடை. வேற ஒண்ணும் இல்ல."

"எழுதலன்னா?"

"உன் தேதி எனக்குத் தெரியும்மா. ஜூன் முப்பது." அவர் குரலில் கோபமே இல்லை, அக்கறைதான் இருந்தது. "நானே டைப் பண்ணிக் குடுத்திருப்பேன். டைப் பண்ணினா நாங்க சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கும். சாட்சியோட சொந்த வார்த்தையில, சொந்தக் கையெழுத்துல இருக்கணும். நான் சொல்றேன், நீ எழுது."

பவானி பேனாவை வாங்கினாள். ஆறு வருஷம் ஐஸில் கிடந்து வெளுத்த விரல்களைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கே ஷெட்டுக்கு முழுக்குப் போடலாம். தீனா சின்னப் பையன், அவனுக்கு வேறு ஏதாவது வழி பிறக்கும். இப்படியும் அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

பரசுராமன் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். நல்ல தமிழ், நீளமான வாக்கியங்கள். நடுவில் சிறப்பு விருந்தினரிடமிருந்து போன் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே, இடையிடையே இவளுக்கும் சொல்லிக்கொண்டு போனார். பவானி எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் எழுதியது இது:

"கடல் வெதுவெதுப்பாக இருந்தது. எட்டு டிகிரி என்று அளந்தது கடலை இல்லை, ஐஸ் போட்ட கேன் தண்ணீரை. இதை நான் முன்பே குழுவிடம் சொன்னேன். மே மாத வெயிலில் சூட்டுக்கு மேல் சூட்டு போட்டு நிற்க வைத்ததால் தீனாவுக்கு உடம்பு கொதித்து மயக்கம் வந்தது. அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. குளிர் என்று சொல்லிக் கம்பளி சுற்றினார்கள். அதை எடுத்தெறிந்து ஐஸ் வைத்ததால் பிழைத்தான். ஆயிரத்தைந்நூறு மீட்டரையும் நான் நீந்தி முடித்தேன். பொ. பவானி."

போனை வைத்துவிட்டுப் பரசுராமன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். அவர் படிக்கவில்லை. விரலை வைத்து வரிகளை எண்ணினார்.

"பதினாலு வரி. சரியா இருக்கு. கையெழுத்தும் முத்து முத்தா இருக்கு." பேனாவை எடுத்தார். "முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல எவ்வளவு காகிதத்துல கையெழுத்துப் போட்டிருப்பேன் தெரியுமா? ஒண்ணைக்கூட படிச்சுட்டுப் போட்டதில்ல. படிச்சா சந்தேகம் வரும்மா. சந்தேகம் வந்தா வேலை ஓடாது."

அறிக்கையின் கீழே, நேரில் விசாரித்து முழுதும் உண்மை எனக் கண்டேன் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழிலும் போட்டார். இரண்டையும் ஜானட்டின் மேஜைக்குத் தள்ளிவிட்டு, மஃப்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

ஜானட் முத்திரையை மையில் ஒற்றினாள். குத்துவதற்கு முன் காகிதத்தைப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை, தலைவரின் கையெழுத்து வரை, நிதானமாகப் படித்தாள். நிமிர்ந்து பவானியைப் பார்த்தாள்.

ஜானட் முத்திரையை அழுத்திக் குத்தினாள். சான்றிதழை எடுத்துப் பவானியின் கையில் கொடுத்தாள்.

"இந்த அறிக்கைக்கு நகல் தரணும்னு ஒரு விதி இருக்கும்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எத்தினி வேணும்?"

"ஒண்ணு போதும் மேடம். தீனாவுக்கு."

ஜானட் நான்கு எடுத்தாள். நான்கிலும் முத்திரை குத்தினாள்.